மூன்று இருமல்

இருமாதீங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க. தூசி அடிக்குது, தெரியுது. ஜன்னலைச் சாத்தட்டுமா? வேண்டாம், சாத்தினால் ஊர் வருவது தெரியாது. பாதி சாத்துகிறேன். பேட்டை தாண்டிவிட்டோமா? தாண்டியாச்சு. சரி.

வியாதிக்குப் பயந்து சொல்லவில்லை. பக்கத்தில் யாராவது இருமினால் எனக்கு ஆகாது. என் வழக்கை ஒரு ஆள் இருமியே தோற்கடித்தான். பத்தொன்பது வருஷம் ஆகிறது. யாரோ எவனோ இல்லை. என் கூடப்பிறந்த தங்கச்சி பிச்சம்மாளைக் கட்டினவன். என் வழக்கை நடத்தின வக்கீலே அவன்தான். ஆறுமுகநயினார் என்று பெயர். வீரவநல்லூரில் வீடு.

நான் போவதும் வீரவநல்லூருக்குத்தான். அவன் வீட்டுக்கா என்று கேட்காதீங்க. டிக்கெட் எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். ஊர் வந்தால் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க. போன செவ்வாய்க்கிழமையும் இதே பஸ்ஸில் வந்தேன். பேச்சுவாக்கில் இறங்காமல் கல்லிடைக்குறிச்சி போய்விட்டேன். அதற்கு முந்தின தடவையும் அப்படித்தான். அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவர் தூங்குமூஞ்சி, சொல்லவே இல்லை. ஒருத்தருக்கும் பொறுப்பு கிடையாது சார்.

வழக்கு பெரிய வழக்கு இல்லை. என் வீட்டுக்குத் தென்புறம் ஒரு துண்டு நிலம், ஆறடி அகலம் இருக்கும். அதன் வழியாகப் போனால் வாய்க்கால். பின்வீட்டு லிங்கம் குடும்பத்துக்கு அது குறுக்கு வழி. எங்கப்பா காலத்திலிருந்து நடந்தார்கள். நடக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஒரு நாள் அந்த லிங்கம் லோடு ஆட்டோவில் செங்கல் கொண்டுவந்தான். ஆட்டோ நுழையவில்லை என்று என் முருங்கையில் ஒரு கிளையை வெட்டிப்போட்டான். காய் தொங்குகிற கிளை. கேட்டதற்கு, பாதையில் நீட்டிக்கொண்டு நின்றால் வெட்டத்தான் செய்வோம் என்றான். பாதையா? யார் வீட்டுப் பாதை? அன்றைக்கே பஸ் ஏறி மாப்பிள்ளையிடம் போனேன்.

கேஸ் வேண்டாம் மச்சான் என்றுதான் அவன் முதலில் சொன்னான். அதைக் கவனிங்க. ஆரம்பத்திலேயே அவனுக்கு மனசில்லை. பிச்சம்மாள் சொன்ன பிறகுதான் எடுத்தான். சாட்சி சொல்கிற அன்றைக்குக் காலையில் கோர்ட் வாசலில் வைத்து என்னிடம் சொன்னான்:

"மச்சான், கூண்டுல ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். எங்ககிட்ட கேட்டாங்க, போகச் சொன்னோம், போனாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

சரி என்று ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் குள்ளமான ஆள், நல்ல வாய். சுற்றிச் சுற்றிக் கேட்டார். நானும் சொன்னதையே சொன்னேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். லிங்கம் வீட்டுப் பெண்கள் குடத்தோடு வாய்க்காலுக்குப் போகிறபோதெல்லாம் உம்மிடம் நின்று அனுமதி வாங்கிக்கொண்டுதான் போனார்களா என்றார். பின்னால் நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளை எழுந்து இங்கிலீஷில் என்னவோ சொன்னான். நீதிபதியும் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். இவன் உட்கார்ந்தான். உட்கார்ந்து இருமினான். ஒன்று. ரெண்டு. மூணு. எதிர்த்தரப்பு வக்கீல் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தார். என் ரெண்டு கண்ணாலும் பார்த்தேன் சார்.

நான் பதில் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். கேஸ் போய்விட்டது.

போகாமல் என்ன செய்யும்? மூணு இருமல். அவர்களுக்குள் ஒரு கணக்கு. தீர்ப்பு வந்த அன்றைக்கே வீரவநல்லூர் போனேன். வீட்டுக்குள் போகவில்லை, வாசலில் நின்றேன். அவனுடைய அம்மா, அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் பார்க்க, உன் புருஷன் விலைபோய்விட்டான் என்று பிச்சம்மாளிடம் சொன்னேன். அவள் கையில் அரிசி களைந்த பாத்திரம். அதைக் கீழே வைக்காமலே நின்றாள். அவன் படியில் இறங்கிவந்து, "மச்சான், தீர்ப்பை ஒரு தடவ படிச்சுச் சொல்லட்டுமா? அப்புறம் திட்டுங்க" என்றான். நீ படித்தது போதும் என்று வந்துவிட்டேன்.

அதோடு சரி. அவர்கள் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். என் இடத்தில் யாரை நிறுத்தினார்களோ தெரியாது, நான் கேட்கவும் இல்லை. யாரையும் நிறுத்தவில்லை, மணையில் ஒரு வேட்டி துண்டை மடித்து வைத்திருந்தார்கள் என்று யாரோ சொன்னார்கள். பத்திரிகை மட்டும் ஒவ்வொரு விசேஷத்துக்கும் வரும். தாய்மாமன் என்று போட்டு என் பெயரை அச்சடித்திருப்பார்கள். எல்லாம் ஊர் பார்க்கச் செய்கிற வேலை. நான் அதையெல்லாம் வைத்துக்கொள்வதே இல்லை. டிரங்குப் பெட்டியில் ஏழு கிடக்கிறது.

இது எந்த ஊர்? சுத்தமல்லியா? இன்னும் நேரம் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அஞ்சு வருஷமாக நான் ஒரு சட்டக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். சட்டையில் வாட்ச்மேன் என்று எழுதியிருக்கும். மோட்டார் போடுவது, அறை திறப்பது, பூட்டுவது எல்லாம் நான்தான். மூன்றரைக்குக் கல்லூரி விட்டால் நாலு மணிக்கு நான் வீட்டில் இருப்பேன். இந்த வருஷம் அதிலும் மண் விழுந்தது. முதல் வருஷப் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள், இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்ததும் முழிக்கிறார்கள், முதல் பரீட்சையில் பாதிப் பேர் விழுந்துவிட்டார்கள், அவர்களைக் கைதூக்கிவிட வேண்டுமாம். யார் தூக்கினால் என்ன, பூட்டுவதற்கு நான் அஞ்சரை வரை காத்துக்கிடக்க வேண்டும்.

நடத்தினது ரெஜினா மேடம். சின்ன வயது, கறார். முதல் நாளே, "அண்ணாச்சி, சும்மா வெளிய நிக்கதுக்கு உள்ள வந்து உக்காருங்க, ஃபேன் இருக்கு" என்றார். உட்கார்ந்தேன். ஃபேனுக்காகத்தான்.

பதினேழு பிள்ளைகள். மேடம் போர்டில் நாலு கேள்வி எழுதிப்போட்டார். என்ன நடந்தது? சண்டை எதற்கு? யார் என்ன சொன்னார்? நீதிபதி என்ன சொன்னார், ஏன் சொன்னார்? எந்தத் தீர்ப்பானாலும் இந்த நாலைத் தேடுங்கள், முதலில் தமிழில் சொல்லுங்கள், புரிந்த பிறகு இங்கிலீஷ் தானாக வரும் என்றார். ஒவ்வொருத்தரும் ஒரு தீர்ப்பை எடுத்துப் படித்து, ஆளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

அதில் முப்பிடாதி என்று ஒரு பிள்ளை. புளியங்குடிப் பக்கம். வாயே திறக்காது. கடைசி பெஞ்சில், எனக்குப் பக்கத்தில் உட்காரும். ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்தது. என்ன என்று கேட்டேன். "இதுல ஆளே இல்ல அண்ணாச்சி. வாதிங்கான், பிரதிவாதிங்கான், யாரு எவருன்னு ஒரு முகம்கூடத் தெரியல" என்றது. இந்தத் தடவையும் விழுந்தால் வந்துவிடு, தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன் என்று அவளுடைய அப்பா போனில் சொல்லிவிட்டாராம்.

ஆள் இருக்கிற தீர்ப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது என்றேன்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிளாஸ்டிக் உறையில் போட்டது போட்டபடி இருந்தது. பிரித்ததே இல்லை. எதற்குப் பிரிக்க வேண்டும்? உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே. மேடம் புரட்டிப் பார்த்தார். பெயர்களை மாற்றிச் சொல்லட்டுமா அண்ணாச்சி என்று கேட்டார். மாற்றக் கூடாது, எல்லாப் பெயரும் அப்படியே வர வேண்டும் என்றேன். பத்தொன்பது வருஷமாக டீக்கடையிலும் பஸ்ஸிலும் நான் சொன்னதை நாளைக்கு வக்கீலாகப் போகிற பதினேழு பேர் முன்னால் ஒரு பிள்ளை சொல்லப் போகிறது. சாதாரண விஷயமா?

ஒரு நாளைக்கு ஒரு பத்தி. அந்தப் பிள்ளை டிக்ஷனரியை வைத்துக்கொண்டு எறும்பு மாதிரி ஊர்ந்தது. சந்தேகம் வந்தால் மேடத்திடம் போகாது, என்னிடம் வரும். வாய்க்கால் எந்தப் பக்கம்? முருங்கை எங்கே நின்றது? நான் பெஞ்சில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டுவேன். ரெண்டு மாசத்தில் அதற்கு என் வீட்டு மூலை முடுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பேச்சும் வந்துவிட்டது. மற்ற பிள்ளைகளே கேட்க ஆரம்பித்தார்கள், என்ன அண்ணாச்சி, இன்னைக்கு எந்தப் பத்தி என்று.

பதினாலாம் பத்தி வந்தபோது மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ரெண்டு நாள் எனக்குப் பக்கத்தில் உட்காரவும் இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பத்தமடை வந்தாச்சு. இறங்குகிறவர்களுக்கு வழி விடுங்க. இந்தப் பை இடிக்குதா? மடியில் வைத்துக்கொள்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கேன்டீன்காரரையும் கூப்பிட்டிருந்தேன், வந்தார். முப்பிடாதி போர்டு பக்கத்தில் நின்றது. என்ன நடந்தது என்று சொன்னது. முருங்கைக் கிளை வரை ஒன்று விடவில்லை. சண்டை எதற்கு என்று சொன்னது. யார் என்ன சொன்னார் என்ற இடத்தில் தாளை எடுத்துப் பதினாலாம் பத்தியைத் தமிழில் வாசித்தது.

குடத்தோடு போகிற பெண்கள் அனுமதி கேட்டார்களா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். வாதியின் வக்கீல் ஆறுமுகநயினார் எழுந்து ஆட்சேபம் செய்தார். நீதிமன்றம் ஆட்சேபத்தை ஏற்றது. சாட்சி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றது. ஆனால் சாட்சி தானாகவே முன்வந்து சொன்னதாவது: எங்களை யாரும் கேட்டதில்லை. எங்கப்பா காலத்திலிருந்து அவங்க பாட்டுக்குப் போறாங்க வாறாங்க. தண்ணிக்குப் போற பொம்பளைய நிறுத்திக் கேள்வி கேக்குற குடும்பம் இல்ல எங்க குடும்பம்.

ஆமாம் சார், அதுதான் நான் சொன்னது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ரெண்டு பேர் பின்னால் நின்று சிரிக்கிறார்கள், நான் குடத்தை மறித்து நிற்கிறவன் என்று ஒத்துக்கொள்ளவா?

மேடம் போர்டைத் தட்டி, ஏன் தோற்றார் என்று கேட்டார். முப்பிடாதி என்னைப் பார்த்தது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது. நாம் போகச் சொல்லி ஒருத்தர் போனால் அது நம் தயவு, நாளைக்கு நிறுத்தலாம். யாரையும் கேட்காமல் இருபது வருஷத்துக்கு மேல் உரிமையோடு நடந்தால் அது அவர்கள் பாதை ஆகிவிடும். கேட்டதே இல்லை என்று வாதியே சொல்லிவிட்டார். அதனால் தோற்றார்.

நான் எழுந்துவிட்டேன். பின் பெஞ்சிலிருந்து சொன்னேன். புத்தகத்தில் இல்லாததை நான் சொல்கிறேன், கேளுங்க, என் வக்கீல் உட்கார்ந்த உடனே மூணு தடவை இருமினான், எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பார்த்துச் சிரித்தார், அது எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கேட்டேன்.

அந்தப் பிள்ளைதான் சொன்னது:

"உங்களைப் பேசாம இருக்கச் சொல்லி இருமியிருக்காரு அண்ணாச்சி. நீங்க பேசிட்டீங்க. அதான் அந்த வக்கீல் சிரிச்சாரு."

கேன்டீன்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கு அடுப்பு வேலை. நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். மேடம் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. வெளியே வந்து மோட்டார் போட்டேன். தொட்டி அன்றைக்கு நிறைந்துதான் இருந்தது. தண்ணீர் மாடியிலிருந்து வழிந்து படியெல்லாம் ஓடியது.

திங்கட்கிழமை அறைச் சாவி தொலைந்துவிட்டது. நானாகச் செய்தேன் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்களாம். சாவி தொலைவது எங்கேயும் நடக்கிறதுதான். இடுப்பில்தான் இருந்தது, அது வேறு விஷயம். மூணு நாள் படிக்கட்டில் உட்கார்ந்து வகுப்பு நடத்தினார்கள். எவனுடைய மாட்டையோ எவனோ பிடித்துக் கட்டின கேஸ். முப்பிடாதிதான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்த மாடு யாருக்குப் போனது என்று மோட்டார் ரூமிலிருந்து எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நாலாம் நாள் மேடம் வந்து, "என்ன அண்ணாச்சி, சாவி கிடைக்கலைன்னா பூட்டை உடைச்சிரலாமா?" என்றார், சிரிக்காமல். சாவி கிடைத்துவிட்டது.

அதற்கப்புறம் உள்ளே உட்காரவில்லை. வெளியே நின்றேன். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை சார். கேட்டுக்குப் போவேன், வருவேன். வேப்ப மரத்துக்குப் போவேன், வருவேன். பத்தொன்பது வருஷமாக ஒரே ஒரு விஷயத்தைத்தான் நான் சரியாகத் தெரிந்து வைத்திருந்தேன். அதைப் போய் ஒரு புளியங்குடிப் பிள்ளை, அதுவும் நான் பெஞ்சில் படம் வரைந்து காட்டின பிள்ளை…

அது தேறிவிட்டது. நோட்டீஸ் போர்டில் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் வராது, நம்பர் தெரியும். பதினேழில் பதினஞ்சு பேர் தேறிவிட்டார்கள். மறுநாள் மோட்டார் ரூமுக்கு வந்து என் தீர்ப்பைத் திருப்பிக் கொடுத்தது. கூடவே ஒரு நோட்டு. தீர்ப்பு முழுவதையும் தமிழில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ரெண்டு மாசமும் அது எழுதிக்கொண்டிருந்தது இதைத்தான். "உங்க கேஸை நீங்களே ஒரு தடவ படிச்சிருங்க அண்ணாச்சி" என்றது. அப்பா இனி ஊருக்குக் கூப்பிட மாட்டார் என்றது. நான் நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

அஞ்சாவதுவரை படித்தவன் நான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசித்தேன். அதில் ஒரு இடத்தில் நீதிபதி எழுதியிருக்கிறார். வாதி உண்மை பேசுகிறவர் என்பதில் இந்த நீதிமன்றத்துக்குச் சந்தேகம் இல்லை, ஆகவே அவர் சொன்னதை அப்படியே ஏற்கிறோம் என்று. அவரும் விலைபோனவர்தான் என்று டீக்கடையில் நான் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதே நீதிபதி. அந்த வரியைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், பார்க்கிறீங்களா? அப்புறம் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். மாப்பிள்ளை பெயர் அதில் ஆறு இடத்தில் வருகிறது. எண்ணினேன். வாதி அப்படிச் சொன்னது பெருந்தன்மையால்தான், அக்கம்பக்கத்தில் நடக்கிற தயவை உரிமை என்று எடுக்கக் கூடாது என்று ஆறுமுகநயினார் கடுமையாக வாதாடினார் என்று எழுதியிருக்கிறது. கடுமையாக என்று. மூணு பழைய தீர்ப்பை எடுத்துக் காட்டினானாம். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. எனக்கு யார் சொன்னார்கள்?

அவன் சொல்ல வந்தான்தான். படியில் இறங்கி வந்தான். நான் கேட்பது கோர்ட்டில் வைத்து யார் சொன்னார்கள் என்றுதான்.

என்ன, சேரன்மகாதேவி தாண்டிவிட்டதா? எப்போது? நீங்க சொல்லவே இல்லையே. நான் வீரவநல்லூரைத்தானே சொல்லச் சொன்னேன், சரி சரி. மணி என்ன? இந்த நேரத்தில் அவன் வீட்டில் இருப்பானோ என்னமோ. வேலையை விட்டுவிட்டான் என்று கேள்வி. பிச்சம்மாள் இருப்பாள். அவள் எங்கே போகப் போகிறாள்.

பழம் வாங்கவில்லை. எதுக்குப் பழம்? விருந்துக்கா போகிறேன்? மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைத்துவிடாதீங்க. நான் கேட்கிற ஆள் இல்லை. படியில் ஏறாமல், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று, ஒரே ஒரு கேள்விதான் கேட்கப் போகிறேன். ஏன் மாப்ளே, இருமுறவன் ஒழுங்கா இரும மாட்டியா? கூண்டில் நிற்கிறவன் மச்சான், அவன் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியும், பூனை மாதிரி இருமினால் அவனுக்கு உறைக்குமா? அங்கேதான் தப்பு அவன் பேரில் இருக்கிறது. அதை அவன் ஒத்துக்கொள்ளட்டும். பிறகு உள்ளே வரச் சொன்னால் பார்க்கலாம். சொல்லாவிட்டால் அடுத்த பஸ் இருக்கிறது. பிச்சம்மாள் கையில் பாத்திரத்தோடு வந்து நின்றால்தான் என்ன செய்வது என்று…

ஏன் சார் இருமுறீங்க? ஜன்னல்தான் பாதி சாத்தியிருக்கே. தண்ணி வேணுமா? பாட்டில் இருக்கு. மறுபடியும் இருமுறீங்க. கண்ணால் என்னத்தைக் காட்டுறீங்க?

வீரவநல்லூரா?

ஏம்ப்பா கண்டக்டர், இறங்கணும், ஆள் இறங்கணும். நோட்டு எங்கே? பைக்குள்தான் இருக்கு. காலைக் கொஞ்சம் மடக்குங்க சார், நான் போய்க்கிறேன். நீங்க பரவாயில்லை. காதில் விழுகிற மாதிரி இருமுறீங்க.